உள்ளே இருப்பவர்கள்

எனக்குச் சந்தேக புத்தி அதிகம். இதைச் சொல்லிக்கொள்வதில் எனக்கு வெட்கமில்லை. அளவெடுத்துப் பிழைக்கிறவளுக்கு அது இல்லாவிட்டால்தான் ஆபத்து. சுவர்க் கடிகாரம் மணி பத்து என்று காட்டினால், இன்னொரு கடிகாரத்தையும் பார்த்துவிட்டுத்தான் நம்புவேன். ஆய்வுக்கூடத்தில் என் முதுகுக்குப் பின்னால் "போலீஸ்காரம்மா" என்கிறார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும். போலீஸ் இல்லாத ஊரில் குடியிருந்து பார்த்தால் அவர்களுக்கே தெரியும்.

அதனால் எங்கள் திரையில் வரக்கூடாத ஒரு துடிப்பு வந்தபோது, முதலில் கருவியைச் சந்தேகப்பட்டேன். பிறகு கேபிளை. பிறகு என்னோடு வேலை பார்க்கிற குச்சியை.

எங்கள் வேலையைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். நகத்தளவு ஒரு சிப். அதன்மேல் கண்ணுக்குத் தெரியாத குட்டித் தூண்கள். ஒரு தலைமுடியின் குறுக்கே ஆயிரம் தூண்களை வரிசையாக நிறுத்தலாம், அவ்வளவு பொடிசு. ஒவ்வொரு தூணிலும் இரண்டு காந்தப் படலங்கள், நடுவே சில அணுக்கள் தடிமனில் ஒரு தடுப்பு. கீழே இருக்கிற காந்தம் பிடிவாதம் பிடித்தது, எதற்கும் அசையாது. மேலே இருப்பது இளகின மனசு. தனக்குப் பிடித்த அதிர்வெண்ணில் ஒரு ரேடியோ அலை வந்து தொட்டால் போதும், தலையாட்ட ஆரம்பித்துவிடும். அது தலையாட்டினால் தூணின் இரு முனைக்கும் இடையே ஒரு துளி மின்னழுத்தம் பிறக்கும். ஒரு வோல்ட்டைப் பத்து லட்சம் பங்கு போட்டு, அதில் சில பங்கு. அந்தத் துளியைப் பிடித்துத் திரையில் காட்டுவதுதான் எங்கள் பிழைப்பு. பக்கத்தில் ஒரு காந்தத்தை முன்னே பின்னே நகர்த்தினால், தூணுக்குப் பிடித்த அதிர்வெண்ணும் மாறும். பேட்டரி இல்லாமல் ரேடியோ அலையை மோப்பம் பிடிக்கிற ஒரு மூக்கு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மூக்கு நல்ல மூக்கா என்று பார்க்க ஒரு குழு வெளியிலிருந்து வருவதாக இருந்தது. அவர்கள் கேட்கப்போவது இரண்டே விஷயம். அலை வரும்போது கண்டுபிடிக்கிறதா? அலை வராதபோது வாயை மூடிக்கொண்டு இருக்கிறதா? இரண்டாவதில் தவறினால் கடை மூட வேண்டியதுதான். வாசலில் யாரும் இல்லாமலே குலைக்கிற நாயை யார் வளர்ப்பார்கள்?

அந்தக் குழு வர மூன்று வாரம் இருக்கும்போது, ஒரு திங்கட்கிழமை, எங்கள் நாய் குலைக்க ஆரம்பித்தது. அலை அனுப்பும் கருவியின் பிளக்கைப் பிடுங்கி வைத்திருந்தோம். ஆனாலும் திரையில் இரண்டு வினாடிக்கு ஒருமுறை கோடு ஒரு துள்ளு துள்ளியது.

எங்கள் அளவு அறை முழுக்கச் செம்புத் தகடு அடித்தது. கதவின் ஓரத்தில்கூடச் செம்புப் பின்னல். கதவை மூடிவிட்டால் வெளியே பத்து வானொலி நிலையம் தொண்டை கிழியக் கத்தினாலும் உள்ளே எட்டாது. அப்படியென்றால் துடிப்பு உள்ளேயிருந்துதான் வருகிறது. காந்தத்தை நகர்த்தி அதிர்வெண்ணைப் பார்த்தேன். போன்களும் காதில் மாட்டும் கருவிகளும் தங்களுக்குள் குசுகுசுவென்று பேசிக்கொள்கிற அதே அதிர்வெண்.

அதற்காகத்தான் வாசலில் ஒரு பழைய பிஸ்கட் டின் வைத்திருக்கிறோம். உள்ளே போகிறவர் போனையும் கைக்கடிகாரத்தையும் அதில் போட்டுவிட்டுத்தான் போக வேண்டும். அந்த விதியை எழுதி மூடிமேல் ஒட்டியவள் நான். என்னுடையது பொத்தான் வைத்த பழைய போன். அதைப் பார்த்து எல்லாரும் சிரிப்பார்கள். அதையும் மறக்காமல் டின்னில்தான் போடுவேன்.

அந்த அறைக்குள் போகிறவர்கள் இரண்டே பேர். நான், குச்சி.

குச்சி என்பது அவனுடைய உடம்புக்கு வந்த பெயர். என்னைவிட நாலு வயது இளையவன், என்னை அக்கா என்பான். ஆள் காற்றில் ஆடுவான், கை மட்டும் ஆடாது. நுண்ணோக்கியில் கண்ணை வைத்து, தூண்களுக்கு இணைப்புத் தருகிற தங்கப் புள்ளிகள்மேல் ஊசிகளைப் பூப்போல இறக்குவான். என் கை நடுங்கும். அதனால் ஊசி அவன் பொறுப்பு, திரையும் நோட்டும் என் பொறுப்பு. அவன் காலை எட்டு மணிக்கு வந்து, ஊசி இறக்கி, அலை எதுவும் அனுப்பாமல் ஒரு மணி நேரம் சும்மா ஓட்டி அளவெடுத்து, நோட்டில் அவனே எழுதி வைப்பான். நான் பத்து மணிக்கு வருவேன். என் கைப்பையை நாற்காலி முதுகில் மாட்டிவிட்டு உட்கார்ந்தால், மதியச் சாப்பாடு வரைக்கும் எழுந்திருக்க மாட்டேன்.

"அக்கா, காலைல வரவே இல்லையே. நான் பார்த்தவரைக்கும் கோடு தூங்கிட்டு இருந்துது" என்றான் குச்சி, முதல் நாள்.

இரண்டாம் நாளும் அதையே சொன்னான். மூன்றாம் நாளும். அவன் தனியாக இருந்தால் கோடு தூங்குகிறது. நான் வந்து உட்கார்ந்தால் துள்ளுகிறது. என்னை என்ன முட்டாள் என்றா நினைத்தான்?

அன்று சாயங்காலம் வீட்டில் இதைச் சொன்னேன். என் வீட்டுக்காரர் வீட்டிலிருந்தே கட்டட வரைபடம் போடுகிறவர். நான் வீட்டுக்கு வருகிற நேரம் நிலையில்லாதது. சில நாள் ஆறு, சில நாள் ஏழேகால். முன்பெல்லாம் எனக்கு வைத்திருக்கும் காபி ஆடை படிந்து ஆறிக் கிடக்கும். இப்போது இரண்டு மூன்று நாளாக, எப்போது கதவைத் திறந்தாலும் மேசைமேல் ஆவி பறக்கும் காபி. போன சனிக்கிழமை வார் அறுந்துபோன என் கைப்பையையும் அவரே எடுத்துக்கொண்டு போய்த் தைத்துக் கொண்டுவந்து தந்தார். பதினோரு வருடக் குடித்தனத்தில் புதிதாக ஒரு கரிசனம்.

"எப்படிங்க கரெக்டா தெரியுது?" என்றேன்.

"உன் காலடிச் சத்தம் மனசுக்குள்ள கேக்குது" என்றார்.

எனக்கு வெட்கம் வந்துவிட்டது. என் தங்கையிடம் போனில் சொன்னபோது, "உனக்குக் கொடுத்து வெச்சிருக்குக்கா. என் வீட்ல இருக்கறது, நான் வீட்டுக்குள்ள வந்ததே தெரியாம டிவி பார்க்கும்" என்றாள்.

குச்சியின் கதையை அவர் கவனமாகக் கேட்டார். கேட்பதோடு நிற்கவில்லை, நடுநடுவே கேள்வியும் கேட்டார்.

"நாள் பூரா அந்த ரூம்ல நீங்க ரெண்டு பேர் மட்டும்தானா?"

"ஆமா. வேற யாருக்கு அங்க வேலை?"

"கதவை மூடிட்டா?"

"மூடினாதானே செம்பு வேலை செய்யும்?"

கொஞ்சம் யோசித்தார். "அவன்தான். பாக்கெட்ல எதையோ வெச்சுட்டு உனக்குத் தண்ணி காட்டறான். வேற எடத்துக்குப் போகப்போறவன் குழி பறிச்சுட்டுத்தான் போவான்."

வேறொரு ஆய்வுக்கூடத்திலிருந்து குச்சியை வேலைக்குக் கூப்பிட்டு ஒரு கடிதம் வந்திருந்ததை நான்தான் அவரிடம் சொல்லியிருந்தேன். அது எனக்கும் உறுத்திக்கொண்டுதான் இருந்தது. அவர் சொன்னதும் உறுத்தல் உறுதியாகிவிட்டது. நாம் நினைப்பதையே பக்கத்தில் ஒருவர் சொன்னால், அது நிரூபணமாகிவிட்டது போலத் தோன்றுகிறது. இந்தத் தவறை அளவெடுக்கிறவர்கள்கூடச் செய்கிறார்கள்.

அடுத்த வாரம் கதவோரத்துச் செம்புப் பின்னலை மாற்ற, நானும் குச்சியும் இரும்புக் கடைகள் இருக்கிற சந்துக்குப் போய் வந்தோம். துடிப்பு நிற்கவில்லை. அன்று காபி குடிக்கும்போது வீட்டுக்காரர், "அந்தச் சந்துல ஒரே கூட்டமா இருந்திருக்குமே. அவனும் வந்தானா?" என்றார். வந்தான் என்றேன். சந்துக்குப் போனதை அவரிடம் எப்போது சொன்னேன் என்று ஒரு கணம் தோன்றியது. காலையில் சொல்லியிருப்பேன் என்று விட்டுவிட்டேன். போலீஸ்காரம்மா அப்போது விடுப்பில் இருந்தாள் போல.

இரண்டாம் வாரம் முடிவதற்குள் என்னிடம் நோட்டில் ஆதாரம் சேர்ந்துவிட்டது. எங்கள் நோட்டில் மணி, காந்தத்தின் தூரம், அறையின் வெப்பம் என்று கட்டங்கள் இருக்கும். கடைசிக் கட்டத்தின் தலைப்பு "உள்ளே". மனித உடம்பும் அலையை விழுங்கும், திருப்பி அடிக்கும். அதனால் அளவெடுக்கும்போது அறைக்குள் யார் இருந்தார் என்று எழுதி வைப்போம். ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து, அந்தக் கடைசிக் கட்டத்தை மட்டும் பக்கம் பக்கமாகப் பார்த்தேன். "உள்ளே" கட்டத்தில் குச்சி என்று இருந்த எழுபத்தொரு அளவீடுகளிலும் துடிப்பு இருந்தது. கட்டம் காலியாக இருந்த இருபத்தாறிலும் துடிப்பு இல்லை. ஒன்றுகூடப் பிசகவில்லை. இவ்வளவு சுத்தமான கணக்கை என் வாழ்நாளில் நான் பார்த்ததில்லை.

முதலில் அவனிடமே கேட்டேன்.

"உன் பாக்கெட்ல என்ன இருக்கு?"

அவன் முகம் சுருங்கிவிட்டது. ஆனாலும் சட்டைப் பை, கால்சட்டைப் பை எல்லாவற்றையும் வெளியே இழுத்துக் காட்டினான். ஒரு கைக்குட்டை, ஒரு சாவி. பிறகு மெதுவாகச் சொன்னான்.

"அக்கா, நீங்களும் உங்க பையை ஒரு தடவை பாருங்களேன். ரெண்டு பேரையும் சோதிச்ச மாதிரி இருக்கும்."

எனக்கு எங்கிருந்துதான் அவ்வளவு கோபம் வந்ததோ. "டின்மேல விதி எழுதினவளையே சோதிக்கறியா? என் பையில கண்ணுக்கு விடற மருந்தும் சாப்பாட்டு டப்பாவும்தான் இருக்கு. போன் டின்ல கெடக்கு. திருடன் கையில சாவியைக் குடுத்துட்டு நான் நிக்கறேன் பாரு!"

திருடன் என்ற வார்த்தை வாயிலிருந்து விழுந்துவிட்டது. அவன் கைக்குட்டையையும் சாவியையும் பைக்குள் திருப்பிப் போட்டுக்கொண்டான்.

குழு வருவதற்கு இரண்டு நாள் முன்பு நோட்டைத் தூக்கிக்கொண்டு மேடத்திடம் போனேன். மேடம் எங்கள் துறைத் தலைவி, அதிகம் பேசாதவர். எழுபத்தொன்றையும் இருபத்தாறையும் பென்சிலால் சரிபார்த்தார். அடுத்த மாதம் குச்சியின் வேலையை நீட்டிக்கிற தாளில் கையெழுத்துப் போட வேண்டியவர் அவர்தான். அந்தத் தாளை எடுத்து மேசை இழுப்பறைக்குள் வைத்தார்.

"அவன் நாளையிலேர்ந்து வரவேண்டாம். குழு வந்துட்டுப் போகட்டும், அப்புறம் விசாரிச்சு முடிச்சுடலாம்" என்றார்.

குச்சி தன் கண்ணாடிக் கூட்டையும் குடையையும் எடுத்துக்கொண்டு கிளம்பும்போது என் மேசைப் பக்கம் நின்றான். "நோட்டை இன்னொரு தரம் பாருங்கக்கா" என்றான். அவ்வளவுதான். குடை தேவைப்படாத வெயிலில் குடையைக் கையில் பிடித்துக்கொண்டு போனான்.

வீட்டுக்காரரிடம் சொன்னபோது அவர் முகம் மலர்ந்துவிட்டது. "விட்டது சனியன்" என்றார். நான் ஜெயித்ததற்கு நான் சந்தோஷப்பட்டதைவிட அவர் அதிகமாகச் சந்தோஷப்பட்டார்.

மறுநாள் நானே ஊசி இறக்க வேண்டியதாயிற்று. இடது கையால் வலது கை மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, மூச்சை அடக்கிக்கொண்டு இறக்கினேன். முதல் தூண் போயிற்று. இரண்டாவதும் போயிற்று. மூன்றாவதில் ஊசி ஒழுங்காக உட்கார்ந்தது. அனுப்பும் கருவியின் பிளக்கைப் பிடுங்கினேன். கதவை இழுத்து மூடினேன். நாற்காலியில் உட்கார்ந்து, இனி நிம்மதி என்று திரையைப் பார்த்தேன்.

கோடு துள்ளியது. இரண்டு வினாடி கழித்து மறுபடி துள்ளியது.

பழக்க தோஷம், கை நோட்டை எடுத்துவிட்டது. மணி எழுதினேன், காந்தத்தின் தூரம் எழுதினேன், வெப்பம் எழுதினேன். "உள்ளே" கட்டத்துக்கு வந்ததும் பேனா நின்றது. எழுத யாரும் இல்லை. அறையில் நான் மட்டும்தான் இருக்கிறேன்.

நான் மட்டும்தான் இருக்கிறேன்.

எங்கள் இருவருக்கும் ஒரு வழக்கம் உண்டு. எழுதுகிறவர் தன் பெயரைப் போடுவதில்லை. எழுதுகிறவர் உள்ளே இருப்பதுதான் கையெழுத்திலேயே தெரிகிறதே, அதை வேறு எழுத வேண்டுமா என்று ஆரம்பத்தில் விட்டது அப்படியே நிலைத்துவிட்டது. குச்சி தனியாக இருந்தபோது எழுதியவன் அவன், கட்டம் காலி. நான் வந்தபிறகு எழுதியவள் நான், கட்டத்தில் குச்சி. அந்த எழுபத்தொரு வரியிலும் குச்சியோடு சேர்த்து எழுதப்படாத ஒரு ஆள் இருந்திருக்கிறாள். துடிப்பு அவனோடு வரவில்லை. என்னோடு வந்திருக்கிறது. எழுபத்தொரு தடவையும் நான் என்னைக் கணக்கில் சேர்க்கவே இல்லை.

திருடன் என்று சொன்ன வாய் வறண்டுபோயிற்று.

எழுந்து, வளையல்களைக் கழற்றிக் கதவுக்கு வெளியே வைத்துவிட்டு வந்து பார்த்தேன். துள்ளியது. செருப்பை வெளியே விட்டேன். துள்ளியது. கண்ணாடியை வைத்துவிட்டுக் கண்ணைச் சுருக்கிப் பார்த்தேன். அப்போதும் துள்ளியது. கடைசியாக நாற்காலி முதுகில் தொங்கிய கைப்பையை எடுத்துப் போய் வெளியே வைத்து, கதவை மூடினேன்.

கோடு தூங்கியது. குச்சி சொன்னானே, அதேபோல. குழந்தைத் தூக்கம்.

பையை உள்ளே கொண்டுவந்து மேசைமேல் கவிழ்த்தேன். கண் மருந்து, சாப்பாட்டு டப்பா, சீப்பு, பேனா, பழைய பேருந்துச் சீட்டுகள். அவற்றை வெளியே தள்ளிவிட்டுக் காலிப் பையை மட்டும் சிப்புக்குப் பக்கத்தில் பிடித்தேன். கோடு இதுவரை இல்லாத உயரத்துக்குத் துள்ளியது. விரலால் தடவிக்கொண்டே போனேன். வார் சேர்கிற இடத்தில் புதுத் தையல். கறுப்புத் துணியில் கருநீல நூல். அதற்குக் கீழே, உள்துணிக்கு அடியில், கெட்டியாக எதுவோ உருண்டது.

கத்தரியால் கீறினேன். சட்டைப் பொத்தானைவிடக் கொஞ்சம் பெரிதாக, சாம்பல் நிறத்தில் வட்டமான ஒன்று உள்ளங்கையில் விழுந்தது. அது என்னவென்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. சாவிக்கொத்திலும் பயணப் பெட்டியிலும் மாட்டிவிடுவார்கள். இரண்டு வினாடிக்கு ஒருமுறை "இங்கே இருக்கிறேன்" என்று கத்திக்கொண்டே இருக்கும். வழியில் போகிறவர்களின் போன்கள் அதைக் கேட்டு, எங்கே இருக்கிறது என்று மாட்டியவருக்குச் சொல்லிவிடும். தொலைந்துபோன சாமானைத் தேடுவதற்காகச் செய்தது.

அதைக் கையில் வைத்துக்கொண்டு எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தேன் என்று தெரியாது. திரையில் துள்ளல் எண்ணூறைத் தாண்டியிருந்தது. கிட்டத்தட்ட அரை மணி.

பிறகு மேடத்தின் அறைக்குப் போனேன். பொத்தானை மேசைமேல் வைத்தேன்.

"மேடம், துடிப்பு என் பையிலேர்ந்து வந்துது. குச்சி மேல தப்பு இல்ல. நோட்டுல நான்தான் என்னை எழுதாம விட்டிருக்கேன்."

மேடம் பொத்தானைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கிழிந்த பையைப் பார்த்தார். என் முகத்தைப் பார்த்தார். எனக்கென்னவோ அவருக்கு உடனே புரிந்துவிட்டது என்றுதான் தோன்றியது.

"இதை யாரு வெச்சாங்கன்னு நான் கேக்கணுமா?"

"வேண்டாம் மேடம்."

அவர் இழுப்பறையைத் திறந்து குச்சியின் தாளை எடுத்தார். நான் நிற்கும்போதே கையெழுத்துப் போட்டார். "அவன்கிட்ட நீயே பேசு" என்றார்.

குச்சி முதல் மணியிலேயே போனை எடுத்தான். என்ன சொல்வது என்று ஒத்திகை பார்த்து வைத்திருந்ததெல்லாம் மறந்துபோயிற்று. "என்னை மன்னிச்சுடுப்பா. என் பையிலதான் இருந்துது" என்றேன்.

"எவ்வளவு உயரம் வந்துது அக்கா?" என்றான் அவன்.

"என்னது?"

"கோடு. பக்கத்துல கொண்டு போனப்ப."

சொன்னேன். அவன் சீட்டியடித்தான். "பொத்தான் சைஸ் சாமான், துணிக்குள்ள இருந்து அவ்வளவு குடுத்துதா? அப்ப நம்ம தூண் பொய் சொல்லவே இல்லக்கா. ஆரம்பத்துலேர்ந்தே உண்மையைத்தான் சொல்லிட்டு இருந்துருக்கு. நாளைக்கு எட்டு மணிக்கு வந்துடறேன். ஆனா ஒண்ணு, இனிமே உள்ளேங்கற கட்டத்துல ரெண்டு பேர் பேரும் எழுதணும்." அப்புறம் குரல் மாறியது. "திருடன்னு சொன்னீங்களே, அது இன்னும் வலிக்குது. போகப் போகச் சரியாயிடும்."

அவனுக்கு இருக்கிற நேர்மை எனக்கு இல்லை என்று நினைத்துக்கொண்டேன்.

மூன்று மணிக்கே கிளம்பினேன். பொத்தானைப் பிஸ்கட் டின்னுக்குள் போடவில்லை. டின்னுக்குள் போட்டால் அதன் வாய் அடைபட்டுவிடும். டின்னுக்குப் பக்கத்தில், வாசல் மேசைமேல் வைத்தேன். அது பாட்டுக்குக் கத்திக்கொண்டிருக்கட்டும்.

பேருந்தில் கிழிந்த பையை மடியில் வைத்துக்கொண்டு அவருக்காக நானே வாதாடினேன். தைத்துக்கொடுத்தவன் வைத்திருக்கலாம். வேறு யாருடைய பையோ மாறியிருக்கலாம். பை தொலைந்துபோகுமே என்ற அக்கறையில் வைத்துவிட்டுச் சொல்ல மறந்திருக்கலாம். என் சந்தேகம் பொய்யாகப் போகவேண்டும் என்று முதல் தடவையாக மனசார ஆசைப்பட்டேன். ஒரே ஒரு சோதனை போதும் என்று முடிவு செய்தேன். நான் இந்த நேரத்தில் வருவேன் என்று யாருக்கும் தெரியாது. மேசைமேல் ஆவி பறக்கக் காபி இருந்தால், அவர் சொன்னது உண்மை. என் காலடிச் சத்தம் அவர் மனசுக்குள்தான் கேட்டிருக்கிறது. நான் வாயைத் திறக்காமல் காபியைக் குடித்துவிட்டு, காலத்துக்கும் போலீஸ்காரம்மாவை வேலையை விட்டு நிறுத்திவிடுவேன்.

மாடிப்படியில் வேண்டுமென்றே சத்தமாகக் காலை வைத்து ஏறினேன். சாவி போட்டுக் கதவைத் திறந்தேன்.

மேசை காலியாக இருந்தது. அடுப்பு அணைந்து கிடந்தது. வரைபலகைக்குப் பின்னாலிருந்து அவர் தலையைத் தூக்கினார். பேயறைந்த மாதிரி எழுந்து நின்றார். கை தானாகப் போய்ப் பலகைமேல் இருந்த போனை எடுத்தது. அதைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். மறுபடியும் அதைப் பார்த்தார்.

"நீ இன்னும் ஆபீஸ்லதானே இருக்கே?" என்றார்.